பிள்ளைகளைத் தனியே விடலாமா?

(கிளைச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் போனசைப் பற்றியும் பேசி முடித்துவிட்டோம். கலைந்து போகுமுன் நம் பிள்ளைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

சென்ற ஆண்டு நம் தோட்டத்துப் பெண் ஒருத்தி, பால்மரம் வெட்டுகிறவரின் மகள், கல்லூரியில் படிக்கிறவள், தோட்ட மக்களுக்குச் சொந்த வீடு வேண்டும் என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு பட்டணத்தில் ஓர் அமைதிக் கூட்டத்தில் நின்றாள். மூன்றாம் நாள், வாக்குமூலம் கொடுக்கப் போலீஸ் நிலையத்துக்கு வரும்படி அழைப்பு வந்தது. அன்றிரவு அவள் தகப்பனார் வந்து, "கிராணி ஐயா, சங்கத்திலிருந்து யாராவது கூட வர முடியுமா?" என்று கேட்டார். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "பிள்ளையை அடக்கி வைக்கக்கூடாதா?" என்றோம். அவர் பதில் பேசாமல் போய்விட்டார். மறுநாள் காலை தகப்பனும் மகளும் மோட்டார் சைக்கிளில் ஏறித் தனியே போனதை ஆபீசு சன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றோம்.

வழக்கு ஏதுமின்றி அவள் திரும்பி வந்தாள். ஆனால் எங்கள் வெட்கம் இன்னும் தீரவில்லை.

தோழர்களே! 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் அவர்களுக்குத் தலைவராக இருந்தார். அவர்கள் கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? பேச்சுரிமை வேண்டும், கூட்டம் கூடும் உரிமை வேண்டும் என்றும் கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். துரைக்கு மட்டுமல்ல, ஆசிய உத்தியோகஸ்தர்களுக்கும் அப்படி இறங்க வேண்டியிருந்தது. அந்தக் கிராணிமார் வரிசையில் வந்தவர்கள்தாம் நாங்கள். இதை மறைக்க விரும்பவில்லை. அந்த ஆண்டு மே மாதம் நாதன் கைதானார், பட்டாளம் வந்தது, தொழிலாளர்கள் சுடப்பட்டு மாண்டார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

அன்று அவர்கள் கேட்டதைத்தான் இன்று நம் பிள்ளைகளும் கேட்கிறார்கள். கூட்டரசு அரசியல் சட்டத்தின் 10-ஆம் பிரிவைப் பாருங்கள். பேசும் உரிமை, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகிய மூன்றும் அந்த ஒரே பிரிவில்தான் இருக்கின்றன. நாம் சந்தா கட்டிக் காக்கும் சங்கத்துக்கும், அவள் பிடித்த அட்டைக்கும் வேர் ஒன்றுதான். அந்த வேரில் ஒரு பக்கம் அழுகினால் மறுபக்கம் மட்டும் பிழைத்துவிடுமா?

இளைஞர்களால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைக்கும் திருத்தம் 2019 ஜூலையில் நாடாளுமன்றத்தில் கட்சி பேதமின்றி நிறைவேறியது. அதற்காக ஊர் ஊராய் வாதாடியவர்கள் இளைஞர்கள். நடைமுறைப்படுத்துவது தாமதமானபோது, சரவாக் இளைஞர்கள் ஐவர் கூச்சிங் உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2021 செப்டம்பரில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 15-இல் திருத்தம் அமலுக்கு வந்தது. 2022 பொதுத்தேர்தலில் நம் லயத்துப் பிள்ளைகளும் பதினெட்டு வயதில் ஓட்டுப் போட்டார்கள் அல்லவா?

இன்னொன்றும் கேளுங்கள். 2012-ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டத்தில், போலீசுக்கு முன்னறிவிப்புக் கொடுக்காமல் கூட்டம் நடத்துவோருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கும் பிரிவு இருந்தது. இளம் அரசியல் தொண்டர் ஒருவர் தொடுத்த சவாலில், 2025 ஜூலை முதல் நாள் கூட்டரசு நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. ஒருவர் துணிந்து வழக்காடினார். பலன் நம் எல்லோருக்கும் கிடைத்தது.

பயம் பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. வேலை போனால் வீடும் போகும். இது தோட்டத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். ஆகவேதான் தனி ஆளாய் நிற்கக்கூடாது என்று சங்கம் அமைத்தோம். அந்தப் பாடத்தை நம் பிள்ளைகளுக்கு மட்டும் மறுப்பது நியாயமா?

ஆகவே நான்கு காரியங்களை இக்கூட்டத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது, இளைஞர்கள் கூடிப் பேசச் சங்க மண்டபத்தைத் திறந்துவிடுவோம்.

இரண்டாவது, எழுத்து வேலை எங்களுடையது. போலீசுக்குக் கொடுக்க வேண்டிய அறிவிப்பை எழுதித் தருவோம். நகலைப் பத்திரமாக வைத்திருப்போம்.

மூன்றாவது, போலீஸ் நிலையத்துக்கு அழைக்கப்படும் பிள்ளையோடு செயலவையிலிருந்து ஒருவர் போக வேண்டும். அரசியல் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, கைதானவரிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்றும், அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும் என்றும் கூறுகிறது. இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி வைப்போம்.

நான்காவது, வழக்குச் செலவுக்குத் தனி உண்டியல் வைப்போம். சங்கப் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்பதற்கு 1959-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. ஆகவே சங்க நிதியைத் தொட வேண்டாம். மனமுவந்து போடுபவர் போடட்டும். கணக்கை மாதந்தோறும் மண்டபச் சுவரில் ஒட்டுவோம்.

பிள்ளைகள் சொல்வதெல்லாம் சரி என்று நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. தவறு கண்டால் பெரியவர்களாய் எடுத்துச் சொல்வோம். ஆனால் பேசியதற்காக அவர்களைத் தனியே அனுப்பமாட்டோம்.

அந்தத் தகப்பனார் இன்று கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். அண்ணே, அன்று நாங்கள் வந்திருக்க வேண்டும். இனி அழைப்பு வந்தால் சொல்லுங்கள், வருகிறோம்.