சப்மிட்னா யார்கிட்ட, மாப்ள?

(ஒலிப்பதிவைக் கொஞ்சம் சுருக்கி, திருத்திய எழுத்து வடிவம் இது.)

மெட்ரோல ஹெட்செட் போட்டுக் கேக்குறவங்களுக்கும், ஆபீஸ்ல யாரும் பார்க்காதப்போ இந்தப் பக்கத்தைப் படிக்கிறவங்களுக்கும் வணக்கம். இன்னைக்கு புரோகிராமிங் பத்திப் பேசப்போறேன். உடனே ஓடிடாதீங்க. இதுல ஏற்காடு இருக்கு, காபி இருக்கு, எங்க மாமாகிட்ட நான் வாங்கின திட்டும் இருக்கு.

விஷயம் இதுதான். ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் படிக்க ஆரம்பிக்கிற எல்லாரும் ஒரு கட்டத்துல ஒரு ஜன்னல் செய்வாங்க. நாலு பெட்டி, ரெண்டு பட்டன், ஒரு லேபிள். அதுவரைக்கும் கருப்புத் திரையில எழுத்தை மட்டுமே பார்த்தவனுக்கு, பட்டனை அமுக்கினா ஏதோ நடக்குதுங்கிறது பெரிய சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துல நான் பண்ணின ஒரு தப்பாலே ஒரு அக்காவோட நாலு நாள் கூலி காணாமப் போகப் பார்த்துச்சு. அதைத்தான் சொல்லப்போறேன்.

முதல்ல காலேஜ் கதை. நான் படிச்சது அண்ணா பல்கலைக்கழகத்தோட 2017 ரெகுலேஷன். ஜாவா லேப்ல முதல் பயிற்சியே கரண்ட் பில். ஒரு கிளாஸ் எழுதணும். அதுல நுகர்வோர் எண், பேரு, போன மாச ரீடிங், இந்த மாச ரீடிங், வீட்டு இணைப்பா வணிக இணைப்பா எல்லாம் இருக்கணும். வீட்டு இணைப்புன்னா முதல் 100 யூனிட்டுக்கு யூனிட் 1 ரூபா, 101லேர்ந்து 200 வரைக்கும் 2.50ன்னு கணக்கு ஏறிக்கிட்டே போகும். அதே லேப்ல பின்னாடி ஒரு கால்குலேட்டர் செய்யச் சொல்லுவாங்க. அதுதான் ஜன்னல், பட்டன் எல்லாம் வர்ற பயிற்சி. இது ரெண்டையும் செஞ்சவங்க தமிழ்நாடு முழுக்க எத்தனையோ பேரு. உங்க ரெக்கார்டு நோட்டு இன்னும் பரண்ல கிடக்கும்.

நான் கால்குலேட்டர் எப்படிச் செஞ்சேன்? எல்லாத்தையும் பட்டனுக்குள்ள போட்டேன். பட்டனை அமுக்கினா பெட்டியில இருக்கிற எழுத்தை எடு, எண்ணா மாத்து, கூட்டு, லேபிள்ல எழுது. கரண்ட் பில்லுக்கு அழகா ஒரு கிளாஸ் எழுதினவன், ஜன்னல் வந்ததும் கிளாஸையே மறந்துட்டேன். மார்க் வந்துச்சு. கால்குலேட்டர் தப்பாக் கூட்டினாலும் யாருக்கும் நஷ்டமில்லைங்கிறதால அந்தப் பழக்கமும் அப்படியே தங்கிடுச்சு.

இப்போ ஏற்காடு. என் தாய்மாமா நாகலூர்ப் பக்கம் ஒரு சின்ன எஸ்டேட்ல ரைட்டர். ரைட்டர்னா கதை எழுதுறவர் இல்லைங்க, கணக்கு எழுதுறவர். சேர்வராயன் மலையில காபி 1820கள்லேர்ந்து இருக்கு. அப்போ சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன்தான் கொண்டுவந்தார்னு சொல்லுவாங்க. பறிப்புக் காலத்துல சாயங்காலம் ஆனா எல்லாரும் மூட்டையோட வந்து வரிசையில நிப்பாங்க. எடை போடணும். மாமா ஒரு நீள நோட்டுல பேருக்கு நேரா கிலோவை எழுதுவார். சனிக்கிழமை கணக்குப் பார்த்துக் கூலி. பனி இறங்கிடும், வெளிச்சம் போயிடும், மாமாவுக்குக் கண்ணும் முன்ன மாதிரி இல்லை.

ஒரு டிசம்பர் லீவுல போயிருந்தப்போ, "மாமா, நான் இதுக்கு ஒரு சாஃப்ட்வேர் செஞ்சு தர்றேன்"னு சொன்னேன். வீட்டுல தங்கச்சிக்கு ஸ்கூல்ல கவர்மென்ட் கொடுத்த பழைய லேப்டாப் இருந்துச்சு. அதுல பைத்தான் போட்டேன். விண்டோஸ்ல பைத்தான் போட்டா டிகே-இன்டர்னு ஒண்ணு கூடவே வந்துடும். ஜன்னல் செய்யிற சாமான் எல்லாம் அதுல இருக்கும். நெட் வேண்டாம், காசு வேண்டாம். மலை மேல சிக்னல் எப்படி இருக்கும்னு தெரியும்ல, அதனால அது எனக்கு ரொம்ப வசதி.

ராத்திரி முழுக்க உக்காந்து செஞ்சேன். காலையில மாமாகிட்ட காட்டினேன். ஜன்னல் திறந்ததுமே "எடை பதிவாகிவிட்டது"ன்னு செய்தி வந்துச்சு.

"நான் இன்னும் தொடவே இல்லையே மாப்ள"ன்னார்.

இது டிகே-இன்டர்ல புதுசா எழுதுற நிறையப் பேர் பண்ற தப்பு. பட்டனுக்கு வேலை சொல்லும்போது, வேலையோட பேரை மட்டும் கொடுக்கணும். பக்கத்துல அடைப்புக்குறி போட்டுட்டா, பட்டனைச் செய்யும்போதே அந்த வேலை நடந்து முடிஞ்சிடும். அப்புறம் அமுக்கினா ஒண்ணும் நடக்காது. "மணி அடிச்சா சோறு போடு"ன்னு சொல்றதுக்குப் பதிலா இப்பவே சோத்தைப் போட்டுட்ட மாதிரி. அதைச் சரி பண்ணினேன்.

அடுத்து மாமா கண்ணாடியை ஏத்திக்கிட்டு படிச்சார். எம்ப்ளாயி நேம். வெயிட். சப்மிட். எல்லாம் இங்கிலீஷ்ல.

"சப்மிட்னா யார்கிட்ட, மாப்ள? இங்க நான்தான இருக்கேன்?"

சிரிச்சுட்டேன். ஆனா கேள்வி நியாயம்தான். அவர் யாருக்கும் எதையும் சமர்ப்பிக்கலை, நோட்டுல எழுதுறார். பட்டன்ல "எடையை எழுது"ன்னு மாத்தினேன். எழுத்தையும் பெருசாக்கினேன்.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்தி ஒண்ணு சொல்லிடறேன். கருப்புத் திரை புரோகிராமுக்கும் ஜன்னல் புரோகிராமுக்கும் என்ன வித்தியாசம்? சேலத்துலேர்ந்து ஏற்காடு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவு வரும். பதிமூணைத் தாண்டாம பதினாலுக்குப் போக முடியாது. கருப்புத் திரை அப்படித்தான். பேரு கேக்கும், அப்புறம் எடை கேக்கும், அப்புறம் விடை சொல்லும். ஜன்னல்ங்கிறது மேல ஏரிக்கிட்ட வந்து சேர்ந்த மாதிரி. ஒருத்தர் படகுக்குப் போவார், ஒருத்தர் பகோடா பாயிண்ட் போவார், ஒருத்தர் மிளகாய் பஜ்ஜி சாப்பிடுவார். யார் எப்போ எந்தப் பக்கம் வருவாங்கன்னு நமக்குத் தெரியாது. புரோகிராம் காத்துக்கிட்டு இருக்கும். அமுக்கினா எழுந்து வேலை செய்யும், மறுபடி காத்திருக்கும். அதனால, "இதுக்கு அப்புறம் இதுதான்"னு நம்பி எழுதின எல்லாமே ஜன்னல்ல உடையும்.

என்னோடது எப்படி உடைஞ்சுதுன்னு கேளுங்க.

மாமா நோட்டுலேர்ந்து பேரெல்லாம் நான்தான் டைப் பண்ணினேன். நோட்டுல பேருக்கு முன்னாடி "கெணத்து வீட்டு", "மேக்காட்டு" அப்படின்னு ஏதேதோ எழுதியிருந்தார். எனக்கு அது குப்பையாத் தெரிஞ்சுது. சுத்தம் பண்றேன்னு அதையெல்லாம் எடுத்துட்டேன். ஒரு பேர் ரெண்டு தடவை இருந்துச்சு. மாமா தெரியாம ரெண்டு தடவை எழுதிட்டார்னு நினைச்சேன். நான் பேரைத்தான் சாவியா வச்சு எடையைச் சேமிச்சேன். ஒரே சாவியை ரெண்டு தடவை கொடுத்தா பைத்தான் தப்புன்னு கத்தாது. சத்தமில்லாம ஒண்ணா ஆக்கிடும்.

நாலு நாள் ஓடிச்சு. நல்லாவே ஓடிச்சு. எடை போடுற இடத்துல என்னைப் பார்த்து எல்லாரும் "படிச்ச புள்ள"ன்னு சொன்னாங்க. எனக்கும் பெருமைதான்.

சனிக்கிழமை வந்துச்சு. திரையில பார்த்து நான் பேரும் தொகையும் படிச்சேன், மாமா காசு எண்ணிக் கொடுத்தார். ஒரு அக்காவோட தொகை மத்தவங்களைவிட ரெண்டு மடங்கு கிட்ட இருந்துச்சு. அந்த அக்காவே, "இவ்ளோவா?"ன்னாங்க. அப்புறம் வரிசை முடிஞ்சிடுச்சு. ஒருத்தங்க மட்டும் அங்கேயே நின்னுக்கிட்டு இருந்தாங்க. என் பட்டியல்ல அவங்க இல்லை. அவங்க சண்டை போடலை, கத்தலை. "நாலு நாளும் வந்தேனே"ன்னு மட்டும் சொன்னாங்க.

ஒரே பேர்ல ரெண்டு அக்கா. ஒருத்தங்க கெணத்து வீடு. இன்னொருத்தங்க மேக்காடு. நான் குப்பைன்னு தூக்கிப் போட்டது அவங்க அடையாளத்தை.

மாமா என்னை நம்பாம பழைய நோட்டுலயும் எழுதிக்கிட்டே வந்திருக்கார். அதைப் பிரிச்சு ரெண்டு பேர் கணக்கையும் பார்த்து, சரியாக் கொடுத்தார். அன்னைக்கு யாருக்கும் நஷ்டமில்லை. ஆனா நோட்டு இல்லாம இருந்திருந்தா? திரையில வந்ததுதான் கணக்குன்னு சொல்லி, அந்த அக்காவை நாம பொய்காரி ஆக்கியிருப்போம். ராத்திரி மாமா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். "மாப்ள, நீ பொட்டியை நல்லாச் செஞ்சிருக்க. உள்ள என்ன இருக்கணும்னு என்னைக் கேக்கவே இல்ல."

வகுப்புல சொல்லிக் கொடுத்தது எல்லாம் அப்போதான் புரிஞ்சுது. நம்ம பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்துலயே பைத்தான் கிளாஸ், ஆப்ஜெக்ட் பத்தித் தனிப் பாடம் இருக்கு. ரெண்டு ஆப்ஜெக்ட்டுக்குள்ள ஒரே பேர் இருக்கலாம், ஆனா அது ரெண்டும் வேற வேற ஆப்ஜெக்ட். பரீட்சையில இதை எழுதி மார்க் வாங்கியிருக்கேன். அதோட அர்த்தம் வரிசையில நின்ன அந்த அக்கான்னு தெரியலை.

அடுத்த நாள் லேப்டாப்பை மூடி வச்சுட்டு நோட்டைப் படிச்சேன். மாமாவை உக்காரவச்சுக் கேட்டேன். ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரிசை எண் இருக்கு. காலையில ஒரு எடை, சாயங்காலம் ஒரு எடை தனித்தனியா இருக்கு. தப்பா எழுதினா அழிக்க மாட்டார். ஒரு கோடு அடிச்சு, பக்கத்துல சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடுவார். மொத்தம் கடைசியிலதான் கூட்டுவார். என் புரோகிராம்ல என்ன இருந்துச்சு? வெறும் மொத்தம் மட்டும். அதுவும் லேபிள்ல இருந்த எழுத்தைப் படிச்சு, கூட்டி, மறுபடி லேபிள்லயே எழுதிக்கிட்டிருந்தேன்.

ரெண்டாவது தடவை முதல்ல ஜன்னலே செய்யலை. "பறிப்பாளர்"னு ஒரு கிளாஸ். அவங்க எண், பேர், எந்த வீடு, எடைகளோட பட்டியல். அதுக்குத் தெரிஞ்ச வேலை மூணு: எடை சேர்க்கிறது, பழசை அழிக்காமத் திருத்துறது, கேட்டாக் கூட்டிச் சொல்றது. எடை பூஜ்யத்துக்குக் கீழ வந்தா அதுவே மறுத்துடும். இதைக் கருப்புத் திரையிலயே ஓட்டி, மாமா நோட்டுல இருந்த ஒரு வாரக் கணக்கைப் போட்டுச் சரிபார்த்தேன். அதுக்கு அப்புறம்தான் ஜன்னலுக்கு இன்னொரு கிளாஸ். ஜன்னலுக்குக் கூட்டத் தெரியாது. பட்டனை அமுக்கினா பறிப்பாளர்கிட்ட கேக்கும், வந்த விடையைக் காட்டும். அவ்வளவுதான்.

இது நான் கண்டுபிடிச்சது இல்லைங்க. 1970கள்ல அமெரிக்காவுல ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்துல ஆலன் கே, அடெல் கோல்ட்பர்க், டான் இங்கால்ஸ் எல்லாம் ஸ்மால்டாக் மொழியை உருவாக்கினாங்க. ஆப்ஜெக்ட்டும் ஜன்னலும் அங்க ஒண்ணாத்தான் வளந்துச்சு. அங்க வந்து வேலை பார்த்த நார்வேக்காரர் ட்ரிக்வே ரீன்ஸ்காக், 1979ல மாடல், வியூ, கன்ட்ரோலர்னு பிரிச்சு எழுதினார். அதுக்கு முன்னாடி அவர் கப்பல் கட்டுற தளங்களுக்கு மென்பொருள் செஞ்சவர். வேலை செய்யிறவர் மனசுல இருக்கிற உலகத்துக்கும், கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிறதுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைக் குறைக்கிறதுதான் அவரோட நோக்கம். மாமா "என்னைக் கேக்கவே இல்ல"ன்னு சொன்னதும் அதேதான்.

இப்போ படிச்சுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு நடைமுறையா மூணு விஷயம்.

ஒண்ணு, எந்தக் கருவின்னு ரொம்பக் குழம்பாதீங்க. 2021 ரெகுலேஷன் லேப்ல ஜாவா எஃப்எக்ஸ் கேக்குறாங்க. ஆனா 2018ல வந்த ஜேடிகே 11லேர்ந்து ஜாவா எஃப்எக்ஸ் அதுக்குள்ள கிடையாது, தனியா இறக்கணும். முதல் புரோகிராமே ஓடலைன்னா பெரும்பாலும் இதுதான் காரணம், உங்க மூளை இல்லை.

ரெண்டு, ஒரு சோதனை. ஜன்னல் கிளாஸை மொத்தமா அழிச்சுட்டா, மிச்சம் இருக்கிறது கணக்கைச் சரியாச் சொல்லுமா? சொல்லும்னா நீங்க சரியான வழியில இருக்கீங்க. சொல்லாதுன்னா எல்லாம் பட்டனுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு.

மூணு, கால்குலேட்டர் செஞ்சு முடிச்சதும், தெரிஞ்ச ஒருத்தருக்காக ஒண்ணு செய்யுங்க. தெரு முனை இஸ்திரிக்காரர், அம்மாவோட சீட்டுக் கணக்கு, எதுவா இருந்தாலும் சரி. அவங்க நோட்டை முதல்ல வாங்கிப் படிங்க. அதுல உங்களுக்குக் குப்பையாத் தெரியிறதைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி, அது என்னன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

மாமா இப்போ என் ரெண்டாவது வெர்ஷனைத்தான் வச்சிருக்கார். நோட்டுலயும் எழுதுறார். சனிக்கிழமை காலையில ரெண்டையும் ஒத்துப் பார்த்துட்டுத்தான் காசைக் கையில எடுப்பார். முதல்ல எனக்கு அது கொஞ்சம் உறுத்திச்சு. இப்போ, அவர் அப்படிப் பண்றதுதான் சரின்னு தோணுது.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். உங்க முதல் ஜன்னல் எதுக்காகச் செஞ்சீங்க, எங்க உடைஞ்சுதுன்னு எழுதி அனுப்புங்க.