தேடலும் ஆராய்ச்சிதான்

மருத்துவத்திலும் நூலக அறிவியலிலும் பட்டம் பெறும் இளைஞர்களே,

2001 ஜூன் மாதம் அமெரிக்காவில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆஸ்துமா ஆய்வு ஒன்றில் பங்கேற்ற 24 வயதுப் பெண் இறந்துபோனார். அவர் நோயாளி அல்லர். நல்ல உடல்நலத்தோடு, தாமாக முன்வந்தவர். ஹெக்சாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சுவழி செலுத்தினார்கள். நுரையீரல் கெட்டு, ஒரு மாதத்துக்குள் உயிர் பிரிந்தது. ஆய்வுக்கு முன் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் தேடியிருந்தார்கள். ஆனால் அன்றைய பப்மெட் 1966க்கு முந்தைய கட்டுரைகளைக் காட்டாது. அந்த மருந்தால் நுரையீரலுக்கு ஆபத்து வரலாம் என்று எழுதப்பட்டவை 1950களின் கட்டுரைகள். நூலக அலமாரிகளில் அவை இருந்தன. யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

தேடுவதை எழுத்தர் வேலை என்று நினைப்பவர்களிடம் இந்த மரணத்தைத்தான் நான் சொல்வேன்.

ஒரு சிகிச்சை பலன் தருமா என்று அறிய, உலகெங்கும் நடந்த சோதனைகளைத் திரட்டி, தரம் பார்த்து, சேர்த்து எடைபோடுவது முறைசார் மீளாய்வு. பாதி விடுபட்டால் முடிவே புரண்டுவிடும். 1994ல் கே டிக்கர்சின், ராபர்ட்டா ஷெரர், கேரல் லெஃபேவ்ர் மூவரும் ஒரு கணக்குப் போட்டார்கள்: மெட்லைன் என்ற மருத்துவத் தரவுத்தளத்தில் செய்த தேடல்கள் சராசரியாகப் பாதிச் சோதனைகளைத்தான் பிடித்துத் தந்தன. லெஃபேவ்ர் தகவல் தேடலையே தொழிலாகக் கொண்டவர். சோதனைகளைத் தப்பவிடாமல் பிடிக்க அவர்கள் வகுத்த தேடல் வாய்பாடு, இத்தகைய மீளாய்வுகளை உருவாக்கும் காக்ரேன் அமைப்பின் அடித்தளங்களில் ஒன்றாயிற்று. ஒரு நூலகரின் ஆராய்ச்சி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

இந்த வேலையை அருகிலிருந்து பார்த்தால்தான் அருமை தெரியும். இரத்தசோகை என்று தேடுகிறோம். பிரிட்டன்காரர் அனீமியாவை ஓர் எழுத்து கூட்டி எழுதுவார், அமெரிக்கர் விட்டுவிடுவார். ஒருவர் ஹீமோகுளோபின் குறைவு என்பார், இன்னொருவர் இரும்புச்சத்துக் குறைபாடு என்று நிறுத்திக்கொள்வார். கட்டுரைகளை வகைப்படுத்த இடப்படும் ‘மெஷ்’ பொருள் தலைப்பு ஒன்று இருக்கும். எல்லாக் கட்டுரைகளுக்கும் அது இடப்பட்டிருக்காது. எல்லாவற்றுக்கும் வலை விரிக்க வேண்டும். ஆனால் நாற்பதாயிரம் கட்டுரைகள் வந்து விழுந்தால் யார் படிப்பது? எங்கே விரிப்பது, எங்கே சுருக்குவது என்ற அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான பயிற்சி இருக்கிறது. நம் நாட்டு இதழ்களில் பல மெட்லைனில் இல்லை என்பதையும் தேடும் நூலகர் மறக்கக்கூடாது.

நூலகர் சேர்வதால் பலன் உண்டா என்றால், உண்டு. பொது மருத்துவ இதழ்களின் மீளாய்வுகளை மெலிசா ரெத்லெஃப்சன் குழுவினர் 2015ல் ஆராய்ந்தபோது, நூலகர் இணை ஆசிரியராக இருந்தவற்றில் தேடல் தெளிவாகவும் தரமாகவும் பதிவாகியிருந்தது. ராட்டர்டாம் எராஸ்மஸ் மருத்துவ மையத்தின் விக்கோர் பிராமர் குழு 2017ல் இன்னும் கடுமையாகச் சொன்னது: வெளியான மீளாய்வுகளில் சுமார் 60 விழுக்காடு, கிடைக்கக்கூடிய ஆய்வுகளில் 95 விழுக்காட்டைக்கூட எட்டியிருக்காது என்பது அவர்கள் மதிப்பீடு. இவர்கள் நூலகர்கள், தகவல் வல்லுநர்கள். தங்கள் தொழிலையே ஆய்வுப்பொருளாக்கியவர்கள்.

ஆனாலும் எத்தனையோ கட்டுரைகளில் நூலகருக்குக் கிடைப்பது கடைசிப் பத்தியில் ஒரு நன்றி மட்டும். இது எனக்குச் சினமூட்டுகிறது. தேடலை வகுத்தவர், அதை எழுதியவர், முடிவுக்குப் பொறுப்பேற்பவர் என்றால் அவர் ஆசிரியர். வரிசையில் அவர் பெயர் வரவேண்டும். நூலக மாணவர்களே, முதல் கூட்டத்திலேயே இதைக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

மருத்துவப் பட்டதாரிகளே, வேலூர் சி.எம்.சி.யில் காக்ரேன் மையம் இயங்கிய மண் இது. நாளை நீங்கள் ஆய்வு வழிகாட்டிகளாக அமர்வீர்கள். எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதி, எந்தச் சொற்கள் என்று வரிவரியாகத் தேடல் இணைக்கப்படாத மீளாய்வு உங்கள் மேசைக்கு வந்தால், கையெழுத்திடாமல் திருப்பி அனுப்புங்கள். அதை எடுத்துவரும் மாணவரை நூலகத்துக்கும் அனுப்புங்கள்.