அடங்கிய காய்ச்சலும் திரும்பிய காய்ச்சலும்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

2020 மார்ச்சில் கொரோனா பொதுமுடக்கம் வந்தபோது நம் அடி அண்ணாமலை கண்ட காட்சியை எவரும் மறந்திருக்க முடியாது. பௌர்ணமிதோறும் மக்கள் வெள்ளம் நிறையும் கிரிவலப் பாதை வெறிச்சோடியது. நாமும் அவ்வாண்டு ரமலான் இரவுத் தொழுகையை இல்லங்களிலேயே நிறைவேற்றினோம். தமிழகத்தின் வழிபாட்டுத் தலங்கள் அனைத்தும் திறக்க 2020 செப்டம்பர் 1 வரை காத்திருக்க நேர்ந்தது.

அந்நாட்களில் வேறொன்றும் நிகழ்ந்தது. ஆண்டுதோறும் உலகை வாட்டும் இன்ஃபுளுவென்சா காய்ச்சல் ஏறத்தாழ மறைந்தே போனது. முகக்கவசம், இடைவெளி, மூடிய பள்ளிக்கூடங்கள், நின்றுபோன விமானங்கள் ஆகியவை கொரோனாவைக் காட்டிலும் அதனை எளிதில் அடக்கின. ஏனெனில், அது கொரோனா அளவுக்கு விரைந்து பரவுவதன்று. அதன் பி வகையில் 'யமகாட்டா' எனும் கிளை 2020 மார்ச்சுக்குப் பின் உலகில் எங்கும் பரவுவதாக உறுதிசெய்யப்படவில்லை. ஆகவே, தடுப்பூசியில் அது இனித் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது.

எனினும் ஏனையவை அழியவில்லை. நெடுநாள் கிருமியைச் சந்திக்காததால் பெரியவர்களின் எதிர்ப்பாற்றல் தளர்ந்தது. அக்காலத்தில் பிறந்த குழந்தைகளுள் பலருக்கு அது உண்டாகவே இல்லை. ஆஸ்திரேலியாவில் குளிர்காலத்தில் வரவேண்டிய ஆர்.எஸ்.வி. எனும் நுரையீரல் தொற்று, 2020 இறுதியில், அந்நாட்டின் கோடை நெருங்கும் வேளையில் குழந்தைகளைத் தாக்கியது. நம் நாட்டில் 2023 தொடக்கத்தில் எச்3என்2 காய்ச்சல் பரவியபோது, தமிழக அரசு மார்ச் 10 அன்று ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம்களை நடத்தியது.

பெரியோர்களே! இதில் நமக்கொரு பாடம் உண்டு. எல்லாக் கதவுகளையும் என்றென்றும் பூட்டி வைக்க இயலாது. பூட்டினாலும் நோய் பிற்பாடு வந்து வாசலில் நிற்கும். ஆனால் முகக்கவசமும் இடைவெளியும் பயன் தந்தன என்பதும் மெய்யே. தமிழகத்தில் இக்காய்ச்சல் பெருகுவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். கார்த்திகை தீபத்திற்கு நம் ஊர் நிரம்பி வழிவதும் அதே பருவத்தில்தான்.

ஆகவே காய்ச்சலும் இருமலும் உள்ளவர் சில நாட்கள் இல்லத்திலேயே தொழட்டும். வந்தே ஆகவேண்டுமெனில் முகக்கவசம் அணியட்டும். முதியோர், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், ஆஸ்துமா உள்ளோர் மழைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு ஆண்டுத் தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும். பள்ளிவாசலின் சன்னல்களைத் திறந்து வைப்பது நம் கமிட்டியின் பொறுப்பு.

வரிசையில் ஓர் இடம் சில நாட்கள் காலியாக இருப்பதில் குறையொன்றுமில்லை. அருகில் நிற்கும் முதியவரின் இடம் நிரந்தரமாகக் காலியாகாதிருக்க அதுவே காவல்.