பந்தியும் பணமுடிப்பும்

பத்துப் பேர் கூடி ஒரு பொதுக் காரியத்தைத் தொடங்கினால் முதலில் வேண்டுவது கொள்கை. அடுத்து வேண்டுவது பணம். அரசியற் கட்சியும் இதற்கு விலக்கன்று. கூட்டம் கூட்ட வேண்டும். துண்டுப் பிரசுரம் அச்சிட வேண்டும். ஒலிபெருக்கிக்கு வாடகை கொடுக்க வேண்டும். ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களிலே பணிபுரியும் கட்சிக்கு இவற்றோடு கடற்பயணச் செலவும் சேரும். இப்பணத்தை எங்கிருந்து திரட்டுவது? மேனாட்டார் கண்ட விடைகளுள் ஒன்று ஆண்டு விருந்து.

அமெரிக்க ஜனநாயகக் கட்சி, ஜெபர்சன், ஜாக்சன் என்னும் இரு ஜனாதிபதிகளின் பெயரால் நெடுங்காலம் இத்தகைய விருந்துகளை நடத்தி வந்தது. உண்ணும் சோற்றின் விலை சிறிது. நுழைவுச் சீட்டின் விலையோ பெரிது. இரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடே கட்சியின் வருவாய். இதில் மறைவு ஒன்றுமில்லை. ஆயினும், அதிகம் கொடுத்தவர் தலைவருக்கு அருகில் அமர்வதும், குறையக் கொடுத்தவர் கடைசி மேசையில் அமர்வதும் இம்முறையோடு வந்து சேர்ந்தன. அருகில் அமர்பவர் காதோடு பேசலாம். தொலைவில் இருப்பவர் கை மட்டுமே தட்டலாம்.

தமிழருக்கும் பணம் திரட்டும் விருந்து புதிதன்று. தமிழகத்தில் பேராவூரணி, கீரமங்கலம் முதலிய ஊர்களிலே ஆடி மாதத்தையொட்டி நடைபெறும் மொய் விருந்து பலரும் அறிந்தது. வந்தவர் உண்பர், பணம் வைப்பர், வைத்த தொகை பெயரோடு ஏட்டில் எழுதப்படும். அவர் விருந்து வைக்கும் ஆண்டில் அத்தொகையைக் கூட்டித் திருப்பிச் செய்தல் வேண்டும். ஆதலால் மொய் என்பது கொடையன்று, கைம்மாற்று. தொழில் தொடங்குவதற்கும் வீடு கட்டுவதற்கும் அது உதவுகின்றது. கடன் இன்னாருக்கு இவ்வளவு என்பது எல்லார்க்கும் தெரிந்திருப்பதால் அதில் வஞ்சகமும் இல்லை.

கட்சிக்கு வைக்கப்படும் மொய்யின் கதை வேறு. அதுவும் ஒருநாள் திருப்பிக் கேட்கப்படும். ஆனால் எழுதி வைத்த ஏடு பலர் கண்ணுக்குப் படுவதில்லை. கேட்கப்படுவதும் பணமாக இராது. ஒப்பந்தமாக, உத்தியோகமாக, காணியாக, கடற்கரை மணலாக இருக்கக்கூடும். கொடுப்பவர் கடன் கொடுத்ததாக நினைக்க, வாங்கியவர் நன்கொடை பெற்றதாகச் சொல்ல, இறுதியில் அதனை அடைப்பது விருந்துக்கு அழைக்கப்படாத மக்களே.

தீவகத்திலே வேறொரு வகைப் பந்தி உண்டு. ஒடியற் கூழ் காய்ச்சும் நாளை நினைத்துப் பார்க்கலாம். ஒருவர் ஒடியல் மாவும், மற்றொருவர் மீனும் நண்டும், வேறொருவர் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் கொண்டுவரலாம். முருங்கையிலையோடு வருபவருக்கும் இடமுண்டு. எல்லாம் ஒரே பானையில் வெந்த பின்னர், யார் கொணர்ந்தது எது என்று பிரித்தறிய இயலாது. பனையோலைப் பிளாவில் வார்க்கும் போது எல்லார்க்கும் ஒரே கூழ்தான். ஏட்டுக்கு வேலையே இல்லை.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலை அடுத்துள்ள அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். மணிமேகலைக் காப்பியத்தில் வரும் மணிபல்லவம் இத்தீவே என்று தீவகத்தார் பலர் கருதுவர். அறிஞரிடையே வேறு கருத்தும் உண்டு. அது எவ்வாறாயினும், காப்பியம் கூறும் ஒரு செய்தி இங்கே சிந்திக்கத்தக்கது. எடுக்க எடுக்கக் குறையாத தெய்வப் பாத்திரம் மணிமேகலையின் கைக்கு வந்தது. வந்த உடனே அது நிரம்பிவிடவில்லை. முதற் பிச்சையை யார் இடுவது என்ற வினா எழுந்தது. பூம்புகாரிலே செல்வருக்குக் குறைவில்லை. எனினும் ஆதிரை என்னும் நல்லாளிடமே மணிமேகலை சென்றாள். பாத்திரம் எத்துணைச் சிறந்ததாயினும், முதலில் இடும் கை தூய்மையானதாக இருத்தல் வேண்டும் என்பது அக்காலத்தார் கருத்து. கட்சி நிதிக்கும் இதனினும் சிறந்த அளவுகோல் காண்பது அரிது.

பொதுப்பணிக்கு மக்கள் பணம் தரமாட்டார் என்பதும் உண்மையன்று. 1927 நவம்பரில் காந்தியடிகள் கதர் நிதிக்காக இலங்கை வந்தபோது, யாழ்ப்பாணத்து மக்களும் மகிழ்ந்து பணமுடிப்பு அளித்தனர். தமிழகத்தில் 1967 ஆம் ஆண்டுத் தேர்தலுக்குத் திராவிட முன்னேற்றக் கழகம் பத்து இலட்சம் ரூபாய் திரட்டக் கருதியது, மு. கருணாநிதி பதினொரு இலட்சம் திரட்டிக் கொடுத்தார். சைதாப்பேட்டை வேட்பாளரை அறிவிக்கையில் அண்ணா பெயரைக் கூறாது அத்தொகையையே கூறினார் என்பது தமிழகம் மறவாத செய்தி. சிறுதொகைகள் சேர்ந்து பெருந்தொகையாவதிலே ஒரு பலம் உண்டு. பலரிடம் வாங்கியவன் எவர் ஒருவருக்கும் அடிமையாகான்.

தீவகத்துக்கு இன்று இப்பிரச்சினை முன்னிலும் கடுமையானது. 1947 முதல் ஊர்காவற்றுறை தனித் தொகுதியாக இருந்தது. 1956 இல் வி. ஏ. கந்தையாவைத் தமிழரசுக் கட்சி உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது அத்தொகுதியே. 1989 இல் விகிதாசாரத் தேர்தல் நடைமுறைக்கு வந்தபின், வேட்பாளர் ஒருவர் கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் முழுவதிலும் விருப்பு வாக்குக் கேட்க வேண்டியவரானார். களம் பெருகப் பெருகச் செலவும் பெருகிற்று. செலவு பெருகிய இடத்திலே பெரிய கொடையாளர் தேடப்படுவதும் இயல்பு.

சட்டமும் விழித்துக்கொண்டது. 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தற் செலவின ஒழுங்குபடுத்தற் சட்டத்தின்படி, பெற்ற நன்கொடையையும் செய்த செலவையும் முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர் கணக்குக் காட்டுதல் வேண்டும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா என்று செலவின் எல்லை வகுக்கப்பட்டது. இந்தியாவிலும், கொடுத்தவர் பெயரை மறைத்த தேர்தற் பத்திர முறையை உச்ச நீதிமன்றம் 2024 பெப்ரவரி 15 இல் செல்லாதென்றது. யார் கொடுத்தார் என்று அறிவது வாக்காளரின் உரிமை என்பதே அத்தீர்ப்பின் உட்பொருள். ஆயினும் இலங்கைச் சட்டம் முதன்மையாகத் தேர்தற் காலத்தையே நோக்குகின்றது. தேர்தல் இல்லாத ஆண்டுகளில் விழித்திருக்க வேண்டியவர் கட்சியின் உறுப்பினரே.

ஆகவே தீவகத்தில் ஒரு கட்சி ஆண்டு விருந்து வைப்பதானால், அதற்குச் சில இலக்கணங்கள் உண்டு. பட்டணத்து மண்டபத்தில் இரவில் வைக்கும் விருந்துக்கு நெடுந்தீவார் வருதல் அரிது. கடைசிப் படகு அவர்களுக்காகக் காத்திராது. எனவே விருந்து பகலில் நடைபெறுதல் வேண்டும். ஓராண்டு வேலணையிலும் மற்றோராண்டு நெடுந்தீவிலும் நடைபெறுதல் வேண்டும். கடற்றொழிலாளியும் ஆசிரியரும் வாங்கக்கூடிய விலையில் சீட்டு இருத்தல் வேண்டும். டொரன்டோவிலும் இலண்டனிலும் வாழும் தீவகத்தார் ஊர்ப் பள்ளிக்கும் கோயிலுக்கும் அனுப்பும் பணத்தைக் கட்சிப் பணத்தோடு கலத்தல் ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சென்ற ஆண்டின் வரவும் செலவும், கொடுத்தவர் பெயரும் தொகையும், இலை போடுமுன் அப்பந்தியிலேயே உரக்க வாசிக்கப்படுதல் வேண்டும்.

கணக்கை வாசித்த பின் பரிமாறும் சோற்றுக்குச் சுவை குறையாது. வாசிக்க அஞ்சும் கட்சியின் விருந்தில், உண்டவர் கை கழுவலாம்; கடனிலிருந்து ஊர் கை கழுவ இயலாது.