உயர்தரப் பாடசாலையில் எந்தப் பாஷையை எடுப்பது?

(பூந்தமல்லியை அடுத்த ஒரு கிராமத்தில், விவசாயக் கூட்டுறவு நாணயச் சங்கத்து அங்கத்தினர் கூட்டத்தில், இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



சென்ற மாதம் இச்சங்கத்தின் கணக்குகளைப் பரிசோதிக்க நான் வந்திருந்தபொழுது, அங்கத்தினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து ஒரு விஷயம் கேட்டார். அவருடைய குமாரன் பத்தாம் வகுப்பில் தேறிவிட்டான். பதினோராம் வகுப்பில் சேர்க்கச் சென்ற இடத்தில், முதற்பகுதிப் பாஷையாகத் தமிழா, பிரெஞ்சா, சம்ஸ்கிருதமா, ஹிந்தியா என்று கேட்டார்களாம். "பிரெஞ்சு எடுத்தால் மார்க்கு கொட்டும் என்று அடுத்த வீட்டார் சொல்லுகிறார்கள், ஐயா என்ன சொல்லுகிறீர்கள்?" என்றார். அன்று எனக்குத் தக்க விடை தோன்றவில்லை. இன்று சொல்ல முயல்கிறேன். நான் பெரிய பட்டம் பெற்றவனல்லேன். கடன் விண்ணப்பங்களையும் தீர்மானப் புஸ்தகங்களையும் படித்துப் படித்து அறிந்ததையே சொல்லுவேன்.

இந்த ராஜதானியில் பாஷைப் பாடம் என்பது நெடுநாளைய வழக்கு. 1938-ல் 125 உயர்தரப் பாடசாலைகளில் ஹிந்தி கட்டாயமாக்கப்பட்டது. பெரிய கிளர்ச்சிக்குப் பின் 1940-ல் அது நீக்கப்பட்டது. 1968 ஜனவரியில் தமிழும் ஆங்கிலமும் ஆகிய இரு பாஷைகளே போதும் என்று சட்டசபை தீர்மானித்தது. 2006-ம் வருஷத்துத் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரையில் தமிழைக் கட்டாயமாக்கிற்று. அந்த வாதங்களுக்குள் நான் புகவில்லை. நமக்கு வேண்டுவது யாதெனில், பத்தாம் வகுப்பைத் தாண்டியவுடன் தெரிவு செய்யும் பொறுப்பு தாய்தந்தையர் கைக்கு வந்துவிடுகிறது என்பதே.

முதலில் மார்க்கு விஷயத்தைப் பார்ப்போம். 2019 முதல் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுப் பரீக்ஷைக்கு மொத்தம் 600 மார்க்கு. அதில் முதற்பகுதிப் பாஷைக்கு 100. அதில் பையன் தமிழில் 85 வாங்குவதற்குப் பதிலாகப் பிரெஞ்சில் 97 வாங்கினான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த 12 மார்க்கு அவனை எங்கே கொண்டுசேர்க்கும்? இஞ்சினீயரிங் கலாசாலைச் சேர்க்கைக்குக் கணிதத்திற்கு 100, பௌதிகத்திற்கு 50, ரசாயனத்திற்கு 50, ஆக 200 என்று கணக்கிடுகிறார்கள். பாஷை மார்க்கு அந்த 200-ல் ஒரு துளியும் சேராது. வைத்தியப் படிப்புக்கோ தனிப் பரீக்ஷை இருக்கிறது. ஆகவே, மார்க்குக்காகப் பாஷையை மாற்றியவர்களில் பலர், செல்லாத நாணயத்தைச் சேர்த்துப் பெட்டியில் வைத்தவர்களே ஆவர்.

இனி நஷ்டத்தைப் பார்ப்போம். 2021 டிசம்பரில் பிறந்த உத்தரவின்படி, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பரீக்ஷைகளில் தமிழ்த் தாள் கட்டாயம். அதில் நூற்றுக்கு நாற்பதேனும் வாங்காதவனுடைய மற்றப் பகுதி திருத்தப்படுவதில்லை. கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் முதலிய உத்தியோகங்களுக்குரிய நான்காம் தொகுதிப் பரீக்ஷையில் 200 வினாக்களில் 100 தமிழே. அம்பத்தூர்ப் பக்கத்து வாலிபன் ஒருவனை நான் அறிவேன். பள்ளியில் மார்க்குக்காக வேறு பாஷை எடுத்தான், கலாசாலையிலும் அவ்வாறே. ஐந்து வருஷம் தமிழ்ப் புஸ்தகத்தைத் தொடவில்லை. இந்தப் பரீக்ஷைக்கு உட்கார்ந்து, பொது அறிவில் நன்றாக எழுதியும், தமிழ்ப் பகுதியில் பின்தங்கி இருமுறை தவறினான். இப்பொழுது பத்தாம் வகுப்புப் புஸ்தகத்தைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

உத்தியோகம் வேண்டாதவர்களுக்கும் ஒன்று சொல்லுவேன். நம் சங்கத்தில் நகைக்கடன் வாங்கும் தாய்மார்கள் விண்ணப்பத்தில் கையெழுத்திடுகிறார்கள். வட்டி எவ்வளவு, தவணை என்று, தவறினால் நகை எப்பொழுது ஏலத்திற்கு வரும் என்பதெல்லாம் அந்தத் தாள்களில் இருக்கின்றன. கூட வந்த மகனிடம், "வாசித்துச் சொல்லப்பா" என்று கொடுத்தால், அவன் எழுத்துக்கூட்டித் தடுமாறுவதையும், வெட்கப்பட்டுத் தாளை மடித்துக் கொடுத்துவிடுவதையும் நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். படித்த பிள்ளை இருந்தும், படியாத வீட்டைப்போல் அந்தத் தாய் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடுகிறாள். இது அற்ப விஷயமன்று.

இவ்வளவு சொன்னதால், தமிழ் ஒன்றைத் தவிர வேறொன்றும் கூடாது என்று நான் சொல்வதாக எண்ணவேண்டாம். என் வீட்டுப் பாஷை தெலுங்கு. எங்கள் பூர்வீகம் திருத்தணிப் பக்கம். அவ்வூர் 1960 மார்ச்சு வரையில் ஆந்திர ராஜ்யத்தில் இருந்து, ஏப்ரல் முதல் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. என் பாட்டனார் வாங்கிய நிலத்தின் பத்திரம் தெலுங்கில் இருக்கிறது. பங்கு பிரிக்கும் சமயத்தில் அதைப் படிக்க எங்கள் வீட்டில் ஒருவராலும் இயலவில்லை. வாயால் பேசுகிறோம், எழுத்துத் தெரியவில்லை. அயலான் ஒருவன் வாசித்துச் சொன்னதை நம்பியே எல்லை குறித்தோம். ஆகையால் தெலுங்கோ உருதுவோ வீட்டுப் பாஷையாக உடையவர்கள், தமிழைக் கற்பதோடு தங்கள் எழுத்தையும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவேண்டும். பள்ளியில் விருப்பப் பாடமாகக் கிடைத்தால் நல்லது. இல்லையெனில் வீட்டிலேனும் தினம் அரைமணி நேரம் போதும்.

ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைகளிலும் படைப்பிரிவுகளிலும் வேலை பார்த்து, ஊர் ஊராக மாற்றலாகும் குடும்பத்தினர்க்கு ஹிந்தி அவசியம். அவர்கள் பிள்ளைகள் மத்திய அரசின் பள்ளிகளில் அதைப் படிப்பது நியாயமே. சம்ஸ்கிருதத்திலும் பிரெஞ்சிலும் மெய்யாகவே ஆசையுள்ள பிள்ளை அவற்றைப் படிக்கட்டும், அது கல்வி. ஆனால் ஹிந்தி வேண்டுமென்றால் அதற்காகத் தமிழை விடவேண்டியதில்லை. 1918-ல் ஸ்தாபிக்கப்பட்ட தக்ஷிண பாரத ஹிந்தி பிரசார சபை இன்றும் சென்னையிலிருந்து பரீக்ஷைகள் நடத்துகிறது. மாலை வேளையில் படித்தே அவற்றில் தேறலாம். ஆங்கிலமோ எப்படியும் இரண்டாம் பகுதியில் இருக்கிறது. அதையும் உருப்போடாமல், ஒரு பாங்கியின் கடிதத்தைப் படித்துப் பொருள் கூறும் அளவுக்காவது கற்கவேண்டும்.

அங்கத்தினர்களே! இந்தியாவின் முதல் கூட்டுறவு நாணயச் சங்கங்களுள் ஒன்று 1904-ல் நம் ஜில்லாவிலுள்ள திரூரில் தோன்றியது. அது முதல் நம் சங்கங்களுக்கு ஒரு நல்ல கொள்கை உண்டு: எதற்காக என்று விசாரியாமல் கடன் கொடுக்கலாகாது. பாஷையைத் தெரிவு செய்யும்போதும் அவ்வாறே விசாரியுங்கள். முதலாவது, இந்தப் பாஷையைப் பிள்ளை எங்கே உபயோகிப்பான்? இரண்டாவது, இதை விட்டால் பின்னால் எந்தக் கதவு அடைபடும்? மூன்றாவது, வேண்டிய பாஷையைப் பள்ளிக்கு வெளியே கற்க வழியுண்டா? நான்காவது, நம் வீட்டுப் பத்திரங்களையும் கணக்குகளையும் நாளை யார் படிப்பார்? இந்த நான்குக்கும் விடை கண்டபின், பிள்ளையின் விருப்பத்தையும் கேட்டு, விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

சங்கமும் ஒன்று செய்யலாம். பொதுநல நிதியிலிருந்து ஒரு தமிழ்ப் பத்திரிகையும் ஒரு ஆங்கிலப் பத்திரிகையும் வரவழைத்து இந்தத் திண்ணையில் போடும்படி பஞ்சாயத்தாரை வேண்டிக்கொள்ளுகிறேன். அடுத்த மகாசபையில் வரவுசெலவு அறிக்கையைக் காரியதரிசி வாசிப்பதற்குப் பதிலாக, பதினோராம் வகுப்புப் படிக்கும் நம் பிள்ளை ஒருவன் எழுந்து வாசிக்கட்டும். அன்று நானும் வந்து கேட்பேன்.

என்னைக் கேட்ட அங்கத்தினர் இக்கூட்டத்தில் அமர்ந்திருக்கிறார். பள்ளியில் விண்ணப்பம் கொடுக்க இன்னும் நான்கு நாள் இருப்பதாகச் சொன்னார். முடிவு அவருடையதும் அவர் மகனுடையதுமே. பக்கத்து வீட்டாருடைய சொல்லைக் கேட்டு மாத்திரம் முடிவு செய்யவேண்டாம் என்பதே என் விண்ணப்பம்.