மலைச்சாலை ஓரத்துத் துண்டு நிலங்கள்

சமவெளி நகரங்களில் மேம்பாலங்கள் எழும்போது, தூண்களுக்கு இடையிலும் சுற்றுப்பாதைகளின் நடுவிலும் எதற்கும் ஒதுக்கப்படாத நிலத்துண்டுகள் மிஞ்சிவிடுகின்றன. சென்னைக் கத்திப்பாரா மேம்பாலத்தின் இதழ் வடிவச் சுற்றுப்பாதைகளுக்குள் அப்படி மிஞ்சிய நிலத்தைச் சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம், பேருந்து நிற்குமிடமும் உணவுக்கடைகளும் சிறுவர் விளையாட்டிடமும் கொண்ட சதுக்கமாக மாற்றி 2021 டிசம்பரில் திறந்தது. மும்பை மாதுங்காவில் குடியிருப்போரின் முயற்சியால், மேம்பாலத்தின் அடியில் நர்மதை ஆற்றின் போக்கை ஒத்த நடைபாதையுடன் 2016இல் ஒரு பூங்கா உருவானது. இரண்டும் பாராட்டத்தக்க பணிகளே. ஆயினும் அவற்றின் வரைபடத்தை அப்படியே நீலகிரிக்குக் கொண்டுவர நினைப்போர் ஒரு வேறுபாட்டை மறந்துவிடலாகாது. கத்திப்பாராவின் மிச்ச நிலம் உண்மையிலேயே வேலையின்றிக் கிடந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக உதகைக்கு ஏறும் நெடுஞ்சாலையின் ஓரத்திலோ, வேலையற்ற நிலம் ஒரு முழம்கூட இல்லை.

மலைச்சாலை சரிவைக் குடைந்து அமைக்கப்படுவது. மேட்டுப்பக்கத்தில் வெட்டப்பட்ட மண் சுவராக நிற்க, பள்ளப்பக்கத்து ஓரம் சாலையின் பாரத்தைத் தாங்க, மேலிருந்து இறங்கும் நீர் ஓர வடிகாலில் சேர்ந்து, சாலையின் அடியில் செல்லும் சிறுபாலங்கள் வழியே பள்ளத்தை அடைகிறது. கொண்டை ஊசி வளைவின் உட்புறத்தில் வெறுமையாகத் தெரியும் முக்கோணத் துண்டு பெரும்பாலும் இந்த நீர் இறங்கும் வழியாகவோ, மேல்வளைவைத் தாங்கும் சரிவாகவோ இருக்கும். அதை மண்ணிட்டுச் சமன்செய்து சிமெண்ட் கல் பதித்தால், அழகுபடுத்தியவரே அடுத்த மழைக்கான மண்சரிவுக்கும் வழிசெய்தவராவார். 2009 நவம்பரில் நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியபோது, மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெருமழையே முதற்காரணம் எனினும், நீர் வடிய வழியில்லாத வெட்டுச் சரிவுகள் ஊறிப் பெயர்ந்ததும் அந்தப் பேரிடரின் ஒரு பகுதி.

ஆகவே மலையில் பூங்காவுக்கு முந்தைய வேலை சரிவை நிலைப்படுத்துவதுதான். உதகை – கோத்தகிரி – மேட்டுப்பாளையம் சாலையில் நெடுஞ்சாலைத் துறை அண்மை ஆண்டுகளில் கையாண்டுள்ள இரண்டு முறைகள் இங்கே கருதத்தக்கவை. ஒன்று, சரிவுக்குள் துளையிட்டு எஃகுக் கம்பிகளைச் செருகிச் சிமெண்ட் குழம்பால் இறுக்கி, மேற்பரப்பைக் கம்பி வலையால் போர்த்தும் ‘மண் ஆணி’ முறை. மற்றொன்று, புல் விதை, நார், உரம் ஆகியவற்றை நீரில் கலந்து சரிவின்மீது பீய்ச்சியடித்து முளைக்கச் செய்யும் ‘ஹைட்ரோசீடிங்’ முறை. வெறும் கருங்கல் தடுப்புச்சுவர் நிற்கும் இடத்தில் பச்சைச் சரிவு உருவாவதால், அதன் அடிவாரத்தில் அமைக்கப்படும் ஓர் இருக்கைக்கும் நிழற்குடைக்கும் பொருள் ஏற்படுகிறது.

சாலையோர நிலம் பூங்காவானதற்கு உள்ளூர்ச் சான்றும் இருக்கிறது. குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையை ஒட்டிய காட்டேரிப் பூங்காவைத் தோட்டக்கலைத் துறை சரிவைச் சமன்செய்யாமல், படிப்படியான அடுக்குகளாகவே அமைத்திருக்கிறது. உதகையில் ஏரிக்கும் ரயில் பாதைக்கும் இடைப்பட்ட சதுப்பு நிலத்தில், மண்ணின் மரங்களைக் காப்பதற்காக 1992இல் 1.58 ஹெக்டேர் பரப்பில் தொடங்கப்பட்ட மரங்களின் பூங்கா இன்னும் நெருங்கிய முன்மாதிரி. எளிதில் வாகன நிறுத்துமிடமாகியிருக்கக்கூடிய அந்தத் துண்டு நிலம், சதுப்பாகவே விடப்பட்டதால் ஏரிக்கு வரும் நீருக்கும் பறவைகளுக்கும் இடமளிக்கிறது. சுற்றுலாப் பயணிகளில் பலர் அதைக் கவனிக்காமலே படகுத்துறைக்குப் போய்விடுகின்றனர் என்பதை அதன் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை.

சமூக வெளி என்பது எந்தச் சமூகத்துக்கு உரியது என்ற கேள்வியும் இங்கே எழாமல் இருப்பதில்லை. சிமெண்டில் செய்து சாயம் பூசிய யானையும், தற்படம் எடுக்கும் மேடையும் வந்துபோவோருக்கானவை. மழையில் பேருந்துக்குக் காத்திருக்கும் பள்ளிக் குழந்தைகளும், பறித்த பசுந்தேயிலையைச் சாலையோரத்தில் எடைபோட்டுத் தொழிற்சாலை வண்டிக்காகக் காத்து நிற்கும் சிறுவிவசாயிகளும் ஆண்டு முழுவதும் அந்த ஓரத்தைப் பயன்படுத்துவோர். கூரையும் குடிநீரும் கழிப்பறையும் உள்ள ஓர் இலைக் கொட்டகை, பூச்செடி வட்டத்தைவிட அவர்களுக்கு மதிப்புடையது. விலங்குகளையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். பலாப்பழப் பருவத்தில் பர்லியாறு, கல்லாறு பகுதிச் சாலைக்கே யானைகள் வந்துவிடுவதால், அங்கே பழமரமோ உணவுக்கடையோ கொண்ட ஓய்விடம் அமைப்பது ஆபத்தை வலிந்து அழைப்பதாகும். மூடியில்லாத குப்பைத்தொட்டி குரங்குகளை வரவழைக்கும், குன்னூர் போன்ற இடங்களில் கரடியையும் வரவழைக்கும். நடுவதற்கு உரியவை நாவல், காட்டுப்பூவரசு போன்ற சோலை மரங்கள். சோலை என்பது மலை மடிப்புகளில் ஓடையை ஒட்டி வளரும் குட்டையான பசுமைமாறாக் காடு. சீகை, கற்பூர மரங்களை மீண்டும் நடுவதில் பயனில்லை. அவை ஏற்கெனவே வேண்டிய அளவுக்கு மேல் பரவியிருக்கின்றன.

தேசிய நெடுஞ்சாலை எல்லைக்குள் உள்ள நிலத்தை எவரும் தம் விருப்பப்படி பயன்படுத்த 2002ஆம் ஆண்டின் சட்டம் இடந்தருவதில்லை. நகராட்சியோ ஊராட்சியோ தன்னார்வக் குழுவோ நெடுஞ்சாலை நிருவாகத்தின் அனுமதி பெற்றாக வேண்டும். 2015ஆம் ஆண்டின் பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை, சாலைத் திட்டச் செலவில் 1 விழுக்காட்டை மரம் வளர்ப்புக்கு ஒதுக்கச் சொல்கிறது. அந்தப் பணம் சமவெளியின் நீண்ட மரவரிசைக்குப் பொருந்துவதுபோல் மலைச்சரிவுக்குப் பொருந்துவதில்லை என்பதால், பராமரிப்பு ஒப்பந்தத்தில் பூப்பாத்திகளுக்கு முன்னதாக வடிகாலும் சிறுபாலமும் இடம்பெற வேண்டும். கூடலூர், அவலாஞ்சிப் பக்கத்தில் அவற்றைத் தென்மேற்குப் பருவமழைக்காக ஜூனுக்கு முன்பும், குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழைக்காக அக்டோபருக்கு முன்பும் தூர்வாருவது யார் பொறுப்பு என்பதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதிவைக்கலாம்.