நீதிமன்றத் தாள் வீடு தேடி வந்தால்



நீதிமன்றம் என்ற சொல்லைக் கேட்டாலே நம்மவரிற் பலருக்கு ஒருவகை அச்சம் ஏற்படுகின்றது. முத்திரையிட்ட தாள் ஒன்று வந்துவிட்டால் அதைக் கைநீட்டி வாங்கவே தயங்குகின்றோம். சிலர் பின்வாசல் வழியே போய்விடுகின்றனர். சிலர் வாங்கி, பிரித்தும் பாராமல் பெட்டியின் அடியில் வைத்துவிடுகின்றனர். அந்தத் தாள் எத்தகையது, அது எவ்வாறு நம்மிடம் வந்து சேர வேண்டும், வந்தபின் நாம் செய்ய வேண்டியது யாது என்பனவற்றையே இன்று உங்களுடன் பேச விரும்புகின்றேன்.

ஒருவர்மீது தொடுக்கப்பட்ட வழக்கு அவர் அறியாமலே நடந்து முடிந்துவிடக் கூடாது என்பது நீதியின் அடிப்படை. இதற்காகவே அழைப்பாணையை, அதாவது சம்மனை, உரியவரிடம் சேர்ப்பிப்பதற்கு விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. நம் நாட்டில் உயர்நீதிமன்றத்திற்கு ஒன்றும் கீழ்நீதிமன்றங்களுக்கு மற்றொன்றுமாக 1980ஆம் ஆண்டின் இரு விதித்தொகுப்புகள் முன்பு இருந்தன. அவற்றிற்குப் பதிலாக, உயர்நீதிமன்றத்திற்கும் கீழ்நீதிமன்றங்களுக்கும் பொதுவான 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகள் அவ்வாண்டு ஆகஸ்டு முதல் தேதி நடைமுறைக்கு வந்தன.

கடன், தவணைப் பணம், வாடகை போன்ற உரிமை வழக்குகளில் சம்மனை இரு வழிகளில் அனுப்பலாம். ஒன்று, உங்கள் கையிலேயே நேரில் கொடுப்பது. மற்றொன்று, நீங்கள் கடைசியாகக் குடியிருந்ததாக அறியப்பட்ட முகவரிக்கு ஏ.ஆர். பதிவுத் தபாலில் அனுப்புவது. "கடைசியாக அறியப்பட்ட முகவரி" என்ற சொற்களை நன்கு நினைவிற் கொள்ளுங்கள். தோட்டம் விற்கப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, தாமான் வீட்டிற்குக் குடிபெயர்ந்தோர் நம்மிடையே பலர் உள்ளனர். புதிய முகவரியைத் தெரிவிக்காவிட்டால் கடன் கொடுத்த நிறுவனத்தின் ஏட்டில் பழைய தோட்டத்தின் பெயரே இருக்கும்; தபாலும் அங்கேதான் போகும். ஆகவே, குடிபெயர்ந்தவுடன் முகவரி மாற்றத்தை எழுத்து மூலம் தெரிவித்து, அதன் படி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்ட அலுவலகத்திற்குத் தபால் வருமாயின், கிராணியாரிடம் அடிக்கடி விசாரியுங்கள்.

"நான் வாங்காவிட்டால் வழக்கு நடக்காது அல்லவா?" என்று சிலர் கேட்கின்றனர். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டு விடுமா? நேரில் கொடுக்க இயலவில்லை என்று நீதிமன்றத்திடம் எடுத்துக்காட்டினால், மாற்றுவழிக்கு நீதிமன்றம் உத்தரவிடக்கூடும். வீட்டுக் கதவில் ஒட்டலாம். நீதிமன்ற அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். நாளிதழில் விளம்பரம் செய்யலாம். அவ்வாறு செய்தபின், சம்மன் உங்களுக்குச் சேர்ந்ததாகவே கொள்ளப்படும். ஒளிந்துகொள்வதால் மிஞ்சுவது, அயலார் பார்வையில் அந்தத் தாள் கதவில் தொங்குவது ஒன்றே.

சம்மனைப் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிடுவது கடனை ஒப்புக்கொள்வது ஆகாது. சம்மன் தீர்ப்பும் அன்று. உங்கள் தரப்பைக் கூற வாருங்கள் என்னும் அழைப்பே அது. ஆனால் அந்த அழைப்பிற்குக் கால எல்லை உண்டு. தீபகற்ப மலேசியாவில் உரிமை வழக்கின் சம்மன் பெற்ற 14 நாள்களுக்குள், வழக்கை எதிர்கொள்ள இருப்பதாக முன்னிலைப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். அதன்பின் எதிர்வாதத்தையும் உரிய காலத்தில் எழுத்தில் கொடுக்க வேண்டும். சில தாள்களில் விசாரணை நாளே குறிக்கப்பட்டிருக்கும். அந்நாளில் தவறாது செல்ல வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கூறுகின்றேன். தொழிலாளி ஒருவர், நண்பர் தவணையில் வாங்கிய மோட்டார் சைக்கிளுக்குப் பிணை நின்றார் என்று கொள்வோம். பாக்கி 2,000 ரிங்கிட் என்று சம்மன் வருகின்றது. அதில் 1,500 ரிங்கிட் கட்டியாகிவிட்டது. ரசீது அலமாரியில் இருக்கின்றது. அவர் பதில் கொடுத்து ரசீதைக் காட்டினால் வழக்கு 500 ரிங்கிட்டைப் பற்றியதாகச் சுருங்கிவிடும். பதில் கொடாவிட்டாலோ முழுத் தொகைக்கும் தீர்ப்பு விழும். வட்டியும் வழக்குச் செலவும் மேலே ஏறும். வீட்டுப் பொருள்களைக் கைப்பற்றி விற்கும் ஆணையும் பின்தொடரலாம். ரசீது அலமாரியிலேயே கிடக்கும். மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பது நீதிமன்றத்தில் மிகப் பொருந்தும்.

சம்மன் உண்மையிலேயே கைக்கு வராமல் தீர்ப்பு மட்டும் வந்துவிட்டால் என்ன செய்வது? மனம் தளர வேண்டா. தீர்ப்பு கிடைத்த 30 நாள்களுக்குள் அதை நீக்கும்படி மனுச் செய்யலாம். சம்மன் விதிப்படி சேர்ப்பிக்கப்படவில்லை என்று நிலைநாட்டினால் அத்தீர்ப்பு நிற்காது. முறைப்படி வந்தும் வாளாவிருந்தவரோ, கேட்கத்தக்க எதிர்வாதம் தமக்கு உண்டென்று காட்ட வேண்டியிருக்கும்.

குற்றவியல் சம்மனுக்கு விதி சற்று வேறு. முயன்றும் உரியவரைக் காண இயலாதபோது, அவர் குடும்பத்தில் வயதுவந்த ஒருவரிடம் அதைக் கொடுத்துச் செல்லலாம். ஆகவே தாய்மார்களே, அத்தகைய தாளை வாங்கினால் அன்று மாலையே உரியவர் கையில் சேர்த்துவிடுங்கள். குறித்த நாளில் வராதவரைக் கைது செய்யப் பிடியாணை பிறப்பிக்கப்படலாம்.

தோழர்களே, செய்ய வேண்டியவை சிலவே. தாளின் தலைப்பில் "மஹ்கமா" என்ற சொல் உள்ளதா என்று பாருங்கள். அது கைக்கு வந்த தேதியை அதன் மூலையில் எழுதுங்கள். தபாலில் வந்திருப்பின் உறையையும் பத்திரப்படுத்துங்கள். மலாய் மொழி புரியாவிட்டால், பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளையையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பின்னர் ரசீதுகளைத் திரட்டிக்கொண்டு, 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் சட்ட உதவி இலாகாவையோ, "ஜபாத்தான் பந்துவான் குவாமான்" என்பது அதன் மலாய்ப் பெயர், உங்கள் தொழிற்சங்கக் கிளையையோ உடனே நாடுங்கள். பதினான்கு நாள்களில் முதல் நாள் மிகவும் பயனுள்ளது. கடைசி நாள் மிகவும் ஆபத்தானது.

விதிகள் நம் காதில் செய்தியைச் சேர்ப்பிக்கவே ஏற்பட்டன. செய்தி வந்தபின் வாய் திறந்து நம் நியாயத்தைச் சொல்வது நம் கடமை.